மண்ணுக்கு அடியில் உள்ளதற்கு ஒரு பத்திரம்: தென் ஆப்பிரிக்கக் கும்பெனி ஆட்சி, 1888–1964

1888 அக்டோபர் 30 அன்று ந்தெபேலே மன்னர் லோபெங்குலா கைக்குறி இட்டுக் கொடுத்த பத்திரத்தில் நிலத்தைப் பற்றிப் பேச்சு வரவே செய்கிறது. ஆனால் அது பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காக மட்டும்தான். வாங்கியவர்களின் சம்மதம் இல்லாமல் மன்னர் வேறு யாருக்கும் நிலமோ சுரங்க உரிமையோ எழுதித் தர மாட்டார். அவற்றைத் தேடி வருகிறவர்களை நாட்டுக்குள் விடாமல் தடுக்க வாங்கியவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாங்கியவர்களுக்கென்று ஓர் ஏக்கர்கூட அதில் எழுதப்படவில்லை. வரி போட, வழக்குக் கேட்க, காவல் வைக்க, ஊர் அமைக்க எந்த உரிமையும் இல்லை. அப்படியிருந்தும் இதே காகிதத்தைக் காட்டி லண்டனில் பங்கு விற்ற பிரிட்டிஷ் தென் ஆப்பிரிக்கக் கும்பெனி என்ற நிறுவனம், இன்றைய ஜிம்பாப்வே முழுவதையும் 1923 வரை ஆண்டது.

இந்த விவகாரத்தைப் பெரும்பாலும், கும்பெனியை நிறுவிய சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸ் என்ற தனிமனிதரின் சூழ்ச்சிக் கதையாகவே சொல்கிறார்கள். சூழ்ச்சி இருந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருந்த பத்திரம் கொடுத்ததைவிட ஒரு படி அதிகமாகக் கும்பெனி எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகு அந்த இடைவெளியை மூட இன்னொரு பத்திரத்தையோ துப்பாக்கியையோ தேடியது. அந்த இடைவெளி லண்டனுக்குத் தெரியாமல் இல்லை. கேள்வி கேட்டால் ஆட்சிச் செலவு பிரிட்டிஷ் கருவூலத்தின் தலையில் விழும் என்பதால் லண்டன் கேட்கவில்லை.

பத்திரத்தில் இருந்ததும் இல்லாததும்

ரோட்ஸ் அனுப்பிய மூவரில் சார்ல்ஸ் ரட் வியாபாரி, ரோச்ஃபோர்ட் மக்வயர் சட்டம் படித்தவர், பிரான்சிஸ் தாம்ப்சன் ஆப்பிரிக்க மொழி பேசத் தெரிந்தவர். விலை இதுதான்: ஒவ்வொரு பிறை மாதத்தின் முதல் நாளிலும் 100 பவுண்டு, 1,000 மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், சாம்பேசி ஆற்றில் ஓட்டப் பீரங்கி பொருத்திய ஒரு நீராவிப் படகு, அல்லது அதற்குப் பதில் 500 பவுண்டு. இதற்கு ஈடாக மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் உள்ள எல்லா உலோகங்கள், கனிமங்கள் மீதும் முழுமையான தனியுரிமை. கூடவே, அவற்றைத் தோண்டி எடுக்கத் ‘தேவையான எல்லாவற்றையும்’ செய்யும் அதிகாரம்.

பின்னால் வந்த எல்லாவற்றையும் கும்பெனி இந்தக் கடைசி வரிக்குள்தான் திணித்தது. தோண்ட வேண்டுமென்றால் சாலை வேண்டும், சாலைக்குக் காவல் வேண்டும், காவலுக்குச் சட்டம் வேண்டும் என்று அது நீண்டுகொண்டே போனது.

பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தவர் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்ல்ஸ் ஹெல்ம். பத்துக்கு மேல் வெள்ளையரை வேலைக்குக் கொண்டுவர மாட்டோம், ஊர்களுக்குப் பக்கத்தில் தோண்ட மாட்டோம், வருகிறவர்கள் மன்னரின் குடிகளைப் போலவே நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவார்கள் என்று மூவரும் வாயால் வாக்குக் கொடுத்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவை பத்திரத்தில் ஏறவில்லை. எழுதியதுதான் செல்லும் என்பது ஒரு தரப்பின் சட்டம். சபையில் சொன்னது செல்லும் என்பது மறுதரப்பின் சட்டம். எந்தச் சட்டப்படி இது ஒப்பந்தம் என்ற கேள்வியை லண்டனில் யாரும் எழுப்பவில்லை.

இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. லோபெங்குலாவின் நேரடி ஆட்சி புலவாயோவைச் சுற்றிய மேட்டுநிலத்தில் இருந்தது. கிழக்கே ஷோனா மக்கள் வாழ்ந்த பகுதிகளில் சில திறை கட்டின, சில அவ்வப்போது சூறையாடப்பட்டன, சில அவருக்குக் கட்டுப்படவே இல்லை. கும்பெனி முதலில் குடியேறியதோ அந்த ஷோனா நாட்டில். அங்கிருந்த தலைவர்கள் எவரும் இந்தப் பத்திரத்தில் கைக்குறி இடவில்லை.

எழுதிக்கொடுத்தது என்ன என்பது மன்னருக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. 1889 தொடக்கத்தில், பத்திரத்தின் பொருள் விசாரணையில் இருப்பதால் அதை நிறுத்திவைத்திருப்பதாகச் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தார். பபயானே, ம்ஷேட்டே என்ற இரண்டு பெரியவர்களை லண்டனுக்கு அனுப்பினார். அவர்கள் விக்டோரியா மகாராணியை நேரில் கண்டார்கள். மார்ச் 26 தேதியிட்ட பதில், அரசன் வந்தவனுக்கு ஒரு மாட்டைக் கொடுக்கலாம், மந்தையையே கொடுத்துவிடலாகாது என்று எச்சரித்தது. அதே லண்டனிலிருந்து நவம்பர் 15 தேதியிட்டு இன்னொரு கடிதம் போனது: பட்டயம் பெற்ற இந்தக் கும்பெனியை நம்பலாம் என்று. முழு ராணுவ உடுப்பில் குதிரைப்படை அதிகாரிகள் அதைப் புலவாயோவுக்குக் கொண்டுசென்றார்கள். இடைப்பட்ட எட்டு மாதத்தில் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. போட்டியாளர்களை ரோட்ஸ் விலைக்கு வாங்கிக் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பத்திரத்தை ஆதரித்துப் பேசிய லோட்ஷே என்ற தலைவருக்கு மன்னர் அதற்குள் மரண தண்டனை கொடுத்திருந்தார். வந்திறங்கிய துப்பாக்கிகளைப் பெற்றுக்கொள்ளவும் மறுத்துவிட்டார். கையில் வாங்கினால் பத்திரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர் கணக்கு.

பட்டயம், அதன் பின்னால் ஒரு பினாமி

1889 அக்டோபர் 29 அன்று பிரிட்டிஷ் தென் ஆப்பிரிக்கக் கும்பெனிக்கு அரசப் பட்டயம் கிடைத்தது. மூலதனம் 10 லட்சம் பவுண்டு, ஒரு பங்கு 1 பவுண்டு. இயக்குநர் குழுவின் முகப்பில் அபெர்கார்ன் கோமகனும் ஃபைஃப் கோமகனும். உள்ளே ரோட்ஸும் வைரச் செல்வர் ஆல்ஃபிரட் பைட்டும். எல்லைகளைப் பொறுத்தவரை பட்டயம் தாராளமாக இருந்தது: தெற்கே பெச்சுவானாலாந்தும் டச்சு வழிவந்த வெள்ளையரின் குடியரசான டிரான்ஸ்வாலும், கிழக்கே போர்த்துகீசியப் பகுதிகள், வடக்கே எல்லையே குறிக்கப்படவில்லை. 25 ஆண்டு கழித்து ஆட்சி தொடர்பான பிரிவுகளை அரசு மறுபரிசீலனை செய்யலாம் என்றும் ஒரு விதி இருந்தது. இந்தியாவில் கும்பெனி ஆட்சி 1858-ல் முடிந்து 31 ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகும் வட போர்னியோ (1881), நைஜர் (1886), கிழக்கு ஆப்பிரிக்கா (1888) என்று லண்டன் வரிசையாகப் பட்டயம் கொடுத்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் நிறம் ஏறும், செலவு பங்குதாரருடையது என்பதே கவர்ச்சி.

ரட் வாங்கிய பத்திரம் இந்தக் கும்பெனிக்குச் சொந்தமாக இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அது சென்ட்ரல் செர்ச் (Search) அசோசியேஷன் என்ற உள்வட்ட நிறுவனத்திடம் இருந்தது. 1890-ல் அது 40 லட்சம் பவுண்டு பெயரளவு மூலதனம் கொண்ட யுனைட்டெட் கன்செஷன்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது. பட்டயக் கும்பெனிக்கு அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு. எல்லாச் செலவும் பட்டயக் கும்பெனியுடையது. லாபத்தில் பாதி உள்வட்டத்துக்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். பொதுமக்கள் வாங்கிய 1 பவுண்டுப் பங்கு எதன் மீது நிற்கிறது என்பது வாங்கியவர்களுக்கும் தெரியாது, பட்டயம் கொடுத்த அமைச்சகத்துக்கும் 1891 வரை தெரியாது. தெரிந்த பிறகும் பட்டயம் ரத்தாகவில்லை. 1893-ல் பட்டயக் கும்பெனி 10 லட்சம் புதுப் பங்குகளை அச்சிட்டுக் கொடுத்து உள்வட்டத்திடமிருந்து பத்திரத்தை ‘வாங்கியது’. மூலதனம் 20 லட்சமாக உயர்ந்தது; கஜானாவுக்கு ஒரு பென்னி வரவில்லை. கும்பெனி 1924 வரை ஈவுத்தொகை கொடுக்க முடியாமல் இருந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆரம்பத்தில் லாபம் பார்த்தவர்கள் பங்கை விற்றவர்கள், வைத்திருந்தவர்கள் அல்லர்.

பட்டா இல்லாத 3,000 ஏக்கர்

1890 ஜூலையில் சுமார் 200 குடியேறிகளும் 500 கும்பெனிக் காவலர்களும் வண்டிகளோடு வடக்கே கிளம்பினார்கள். வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூஸ் வழிகாட்டி. புலவாயோவைத் தொடாமல் கிழக்கே வளைத்துப் புதுச் சாலை வெட்டி, துலி, விக்டோரியா, சார்ட்டர் கோட்டைகளை நிறுவிக்கொண்டே போய், செப்டம்பரில் சாலிஸ்பரியில், அதாவது இன்றைய ஹராரேயில், கொடி ஏற்றினார்கள். ஒவ்வொரு குடியேறிக்கும் 3,000 ஏக்கர் பண்ணையும் 15 தங்கச் சுரங்கப் பாத்திகளும் கொடுப்பதாக ஒப்பந்தம்.

3,000 ஏக்கரைக் கொடுக்கக் கும்பெனியிடம் என்ன உரிமை இருந்தது? எதுவும் இல்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து விலை பேசியவர் எடுவார்ட் லிப்பர்ட் என்ற ஜெர்மானிய வியாபாரி. பைட்டின் உறவினர், ரோட்ஸின் எதிரி. கும்பெனிக்கு எதிராக ஒரு போட்டியாளரை நிறுத்தலாம் என்று லோபெங்குலா கணக்குப் போட்டார். 1891 நவம்பர் 17 அன்று உறுதிசெய்த பத்திரத்தில், பண்ணைகளும் ஊர்களும் அமைத்து நிலம் எழுதிக்கொடுக்கும் உரிமையை 100 ஆண்டுக்கு லிப்பர்ட்டுக்குக் கொடுத்தார். விலை 1,000 பவுண்டு முன்பணம், ஆண்டுக்கு 500 பவுண்டு. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, கிடைக்கப்போகும் பத்திரத்தை ரோட்ஸுக்கு விற்க லிப்பர்ட் ஒப்புக்கொண்டிருந்தார். எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்து மன்னர் கொடுத்தது நேராக எதிராளியின் பைக்குள் போனது. இந்த ஏற்பாடு தெரிந்தே சாட்சியாக நின்றார் பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஸ்மித் மொஃபட். இது அறமற்ற செயல் என்று தனிப்பட்ட முறையில் எழுதியவரும் அவரே. அந்தக் கூட்டத்தில் நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர் அவர் என்பதை நினைத்தால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. ஷோனா நாட்டில் கும்பெனியின் பணம் கரைந்தது. பங்கு விலை சரிந்தது. 1893 ஜூலையில் விக்டோரியா கோட்டைக்கு அருகே ந்தெபேலே படையொன்று ஷோனாக்களைத் தாக்கியதைச் சாக்காக வைத்து, கும்பெனியின் நிர்வாகி ஜேம்சன் போருக்கு ஆள் சேர்த்தார். ஆகஸ்ட் 14 அன்று எழுதிய ஒப்பந்தம் போரின் நோக்கத்தைப் பச்சையாகச் சொல்கிறது: படையில் சேரும் ஒவ்வொருவருக்கும் 6,000 ஏக்கர், 20 சுரங்கப் பாத்திகள், கொள்ளையில் பாதி கும்பெனிக்கு, மீதி ஆளுக்குச் சமமாக. ‘கொள்ளை’ என்ற சொல்லே எழுத்தில் இருந்தது. அதன் பொருள் மாடு. அக்டோபர் 25-ல் ஷங்கானி, நவம்பர் 1-ல் பெம்பேசி, இரண்டு இடங்களிலும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் தீர்த்துவைத்தன. நவம்பர் 4-ல் புலவாயோ விழுந்தது. வடக்கே தப்பிச்சென்ற லோபெங்குலா 1894 தொடக்கத்தில் இறந்தார்.

நிலம் மின்னல் வேகத்தில் அளந்து பிரிக்கப்பட்டது. ஜேம்சனின் சகா சர் ஜான் வில்லோபி ஒருவரின் நிறுவனத்துக்கே 6 லட்சம் ஏக்கர் போனது. படைவீரர்கள் பலர் தங்கள் பங்கை உழாமலே ஊகவணிகர்களுக்கு விற்றுவிட்டார்கள். ந்தெபேலேக்களுக்கென 1894-ல் ஒதுக்கியவை க்வாய், ஷங்கானி என்ற இரண்டு பகுதிகள்: மணற்பாங்கு, தண்ணீர் குறைவு, ஊர்களிலிருந்து வெகு தொலைவு. பெரும்பாலானோர் அங்கே போகவே இல்லை. பழைய இடத்திலேயே, இப்போது வெள்ளையர் பண்ணையாகிவிட்ட மண்ணில், குடியிருப்போராக இருந்தார்கள். நாட்டில் உள்ள மாடெல்லாம் மன்னருடையது, மன்னர் தோற்றதால் எல்லாம் கும்பெனியுடையது என்று வாதிட்டு மந்தைகளை ஓட்டிச்சென்றார்கள். அதற்கு மேல் குடிசைக்கு 10 ஷில்லிங் வரி, அதைக் கட்டச் சுரங்கக் கூலி, வராதவர்களை இழுத்துச்செல்லக் காவலர்கள். 1896-ல் வெக்கை நோய் வந்து மிச்ச மாடுகளும் செத்தபோது கும்பெனியின் காவல்படை ஊரில் இல்லை. அது எங்கே போயிருந்தது என்பதற்குப் பெச்சுவானாலாந்தைப் பார்க்க வேண்டும்.

தப்பிய காப்பரசு

பெச்சுவானாலாந்தை, அதாவது இன்றைய போட்ஸ்வானாவை, பிரிட்டன் 1885-ல் காப்பரசாக அறிவித்தது. காப்பரசு என்றால் ஆட்சி உள்ளூர்த் தலைவருடையது, வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டனுடையது என்பது ஏட்டளவு விளக்கம். 1891-ல் வந்த அரசாணை, தென் ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான உயர் ஆணையர் அறிவிப்பு வெளியிட்டே எதையும் சட்டமாக்கலாம் என்றது. அதன் முழு வீச்சு 1910-ல் தெரிந்தது. 1906-ல் சிறைவைக்கப்பட்ட தவானா தலைவர் செகோமா விடுதலை கேட்டு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனபோது, அவரை அடைத்துவைத்த அறிவிப்பு செல்லும் என்று மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. காப்பரசின் குடிகளுக்குப் பிரிட்டிஷ் குடிகளுக்குரிய காப்பு இல்லை. ஆள்வோருக்கோ அதைவிடக் கூடுதல் அதிகாரம். ஆகவே காப்பரசு நல்லது, கும்பெனி கெட்டது என்ற எளிய எதிர்நிலை இங்கே நிற்காது.

1895-ல் இந்தக் காப்பரசையே கும்பெனியிடம் ஒப்படைக்க ரோட்ஸ் கேட்டார், அமைச்சகமும் இசைந்தது. ங்வாட்டோ தலைவர் மூன்றாம் காமா, க்வேனா தலைவர் செபெலே, ங்வகெட்சே தலைவர் பாதோயன் ஆகிய மூவரும் மிஷனரி வில்லோபியுடன் (மேலே சொன்ன வில்லோபி வேறு) செப்டம்பரில் லண்டன் போய் இறங்கினார்கள். 1893 போரில் கும்பெனிப் படைக்குத் துணையாகத் தன் ஆட்களை அனுப்பியவர் காமா. வென்ற பிறகு என்ன நடக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், கும்பெனியுடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விடுமுறைக்குப் போனார். மூவரும் ஊர் ஊராகப் போய்த் தேவாலயங்களிலும் மதுவிலக்குச் சங்கங்களிலும் பேசினார்கள். கும்பெனி வந்தால் சாராயம் வரும் என்ற வாதம் ஆங்கிலேயச் சபைகளில் நன்றாகவே எடுபட்டது. அந்தச் சபைகளின் வாக்குகள் சேம்பர்லினுக்குத் தேவைப்பட்டன. நவம்பர் 6 அன்று அவர் சொன்ன தீர்ப்பு: மூன்று நாடுகளும் மகாராணியின் கீழேயே இருக்கும், சாராயம் கூடாது, குடிசை வரி உண்டு, டிரான்ஸ்வால் எல்லையோரம் ரயில் பாதைக்காக ஒரு நிலக்கீற்று கும்பெனிக்கு.

இதைத் தலைவர்களின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். பாதி வெற்றி என்பதே சரி. மூவரும் இங்கிலாந்தில் இருந்தபோதே, பயணம் போகாத இரண்டு சிறிய தலைவர்களான இக்கானெங், மொன்ட்ஷியோவா ஆகியோரின் நிலம் அக்டோபரில் கும்பெனிக்குப் போய்விட்டது. அந்த மண்ணில் உள்ள பிட்சானியில் ரயிலுக்குக் காவல் என்ற பெயரில் கும்பெனிப் படை குவிந்தது. டிசம்பர் 29 அன்று சுமார் 500 பேருடன் ஜேம்சன் அங்கிருந்து டிரான்ஸ்வாலுக்குள் பாய்ந்தார். நான்கு நாளில், 1896 ஜனவரி 2 அன்று, டூர்ன்கோப்பில் சரணடைந்தார். அந்த அவமானத்தால்தான் ஒப்படைப்பு முழுமையாகக் கைவிடப்பட்டது. லண்டன் பயணம் தள்ளிப்போட்டது. ஜேம்சனின் முட்டாள்தனம் முடித்துவைத்தது. நிலக்கீற்று மட்டும் திரும்பவில்லை. துலி, கபரோனே, லோபாட்சே வட்டாரங்களின் வெள்ளையர் பண்ணைகள் அதிலிருந்து வந்தவை.

பிட்சானிக்குப் போன காவல்படைதான் புலவாயோவில் இல்லாத படை. 1896 மார்ச்சில் ந்தெபேலேக்களும் ஜூனில் ஷோனாக்களும் எழுந்தார்கள். அடக்க வந்த பிரிட்டிஷ் துருப்புகளின் செலவு கும்பெனியின் கணக்கில் ஏறியது. முன்னோர் ஆவிகளின் குரலாக ஷோனாக்கள் மதித்த நெஹாண்டா, காகுவி இருவரும் 1898 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு அரசாணை, உயர் ஆணையரின் கண்காணிப்பாளர் ஒருவரைச் சாலிஸ்பரியில் உட்காரவைத்து, குடியேறிகளுக்குச் சட்டமன்றத்தில் நான்கு இடம் கொடுத்தது. கும்பெனிக்குச் சவால் பிறகு அந்த நான்கு இடத்திலிருந்துதான் வந்தது.

1918: பத்திரங்களை யாரோ படித்தார்கள்

பட்டயத்தின் 25 ஆண்டு 1914-ல் முடிந்தது. இன்னும் யாருக்கும் எழுதிக்கொடுக்காத நிலம் யாருடையது என்ற கேள்வி பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கும்பெனி, அரசு, குடியேறிகள், ஆப்பிரிக்கர் என நான்கு தரப்பு. ஆப்பிரிக்கத் தரப்பின் வாதச் செலவை இங்கிலாந்தில் உள்ள பழங்குடிப் பாதுகாப்புச் சங்கம் ஏற்றது.

1918 ஜூலை 29 அன்று வந்த தீர்ப்பில் சம்னர் பிரபு, லிப்பர்ட் பத்திரம் நிலத்துக்கான மூலப்பத்திரமாக மதிப்பற்றது என்றார். கும்பெனி நிலத்தைக் கொடுத்தது அரசின் முகவர் என்ற முறையில்தான். ஏறக்குறைய 27 ஆண்டாக எந்தக் காகிதத்தின் பேரில் லட்சக்கணக்கான ஏக்கர் கைமாறியதோ அது வெற்றுக் காகிதம் என்றாகிவிட்டது. ஏற்கெனவே கைமாறியவற்றை அது அசைக்கவில்லை. ஆப்பிரிக்கர் வாதமும் தோற்றது: முந்தைய உரிமை எதுவாக இருந்தாலும் அது வெற்றிகொள்ளப்பட்டபோதே, குடியேற்றம் நடந்தபோதே போய்விட்டது, வென்றது அரசு, எனவே நிலம் அரசினுடையது. வென்றவர்கள் கும்பெனியின் ஆட்கள், அவர்களுக்குக் கூலி அதே நிலம். தீர்ப்பின்படி அவர்கள் தங்களை அறியாமலே மகுடத்துக்காகப் போரிட்டிருக்கிறார்கள்.

ஆனால் முகவருக்குச் செலவு கொடுக்க வேண்டுமே. நிர்வாக நட்டம் என்று கும்பெனி கேட்டது 78,66,117 பவுண்டு. இதை ஆராய அரசு அமைத்த கேவ் ஆணையம் 1921-ல், கும்பெனி தனக்கென எடுத்துக்கொண்ட நிலங்களையும் ரொக்கம் வாங்காமல் கொடுத்தவற்றையும் கழித்து 44,35,225 பவுண்டு என்றது. 1922 அக்டோபர் வாக்கெடுப்பில் குடியேறிகள் 8,774 பேர் தன்னாட்சிக்கும் 5,989 பேர் தென் ஆப்பிரிக்காவுடன் இணையவும் வாக்களித்தார்கள். ஆப்பிரிக்க வாக்காளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 1923-ல் பிரிட்டன் 37,50,000 பவுண்டு கொடுத்துக் கும்பெனியை ஆட்சியிலிருந்து இறக்கியது. செலவில்லாமல் பேரரசு என்ற கணக்கு 34 ஆண்டு கழித்து இப்படி முடிந்தது.

ஆட்சி போனது, கனிம உரிமை போகவில்லை. தெற்கு ரொடீஷியாவின், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயின், கனிம உரிமையை அதன் அரசு 1933-ல் 20 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. கும்பெனி ஆண்ட இன்னொரு நாடான வடக்கு ரொடீஷியாவில், அதாவது இன்றைய ஜாம்பியாவில், கதை இன்னும் நீண்டது. அங்கே அடிப்படை 1890 ஜூன் 27 அன்று ஃபிராங்க் லாக்னர் லோசி மன்னர் லெவனிகாவிடம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு என்று பேசி வாங்கிய பத்திரமும், அதைத் தொடர்ந்து வந்த வேறு பத்திரங்களும். மகாராணியோடு ஒப்பந்தம் செய்வதாக லெவனிகா நினைத்தார். கையெழுத்திட்ட பிறகுதான் எதிரே நிற்பது வியாபார நிறுவனம் என்று தெரிந்தது. அனுப்புவதாகச் சொன்ன பிரதிநிதி 1897-ல்தான் வந்தார். பின்னால் வந்த பத்திரங்களில் தொகை 850 பவுண்டாகக் குறைந்தது. தாமிரச் சுரங்கங்கள் பெருகிய பகுதி லெவனிகாவின் நாட்டுக்குக் கிழக்கே, லாம்பா தலைவர்களின் மண்ணில் இருந்தது. அந்த மண்ணின் கனிமத்தை அவர் எழுதிக்கொடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி காப்பரசுக் காலம் முழுவதும் தூங்கியது. காரணம், 1923 உடன்பாட்டிலேயே கும்பெனியின் கனிம உரிமையைப் பிரிட்டன் ஒப்புக்கொண்டிருந்தது. 1950 ஒப்பந்தம் ராயல்டியில் 20 விழுக்காட்டை அரசுக்குக் கொடுத்து, மீதியை 1986 வரை கும்பெனிக்கு விட்டுவைத்தது.

1964-ல் வடக்கு ரொடீஷியாவில் கென்னத் கௌண்டாவின் அரசு பழைய பத்திரங்களையும் எல்லைகளையும் ஒப்பிட்டு, உரிமைக்கு ஆதாரமே இல்லை என்று வெள்ளை அறிக்கை வெளியிட்டது. விடுதலைக்கு முந்தைய கடைசி மணி நேரங்களில் கும்பெனி 40 லட்சம் பவுண்டுக்கு இறங்கிவந்தது: பாதி ஜாம்பியா, பாதி பிரிட்டன். அடுத்த ஆண்டு அது வேறு இரண்டு சுரங்க நிதி நிறுவனங்களோடு இணைந்து சார்ட்டர் கன்சாலிடேட்டட் ஆனது.